பத்து மார்க் கேள்வியும் ஐயாயிரம் கோடி ரூபாயும்

2008 டிசம்பர் 16. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடுகிறது. மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாமா என்பதுதான் பேச்சு. இரண்டையும் நடத்துபவர்கள் சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள். சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனிக்கு வீடு கட்டும் கம்பெனியும் சாலை போடும் கம்பெனியும் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய வெளி இயக்குநர்கள் சாமானியர்கள் இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கிருஷ்ணா பலேபு, இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் ராம்மோகன் ராவ், பென்டியம் சிப் புகழ் வினோத் தாம், மத்திய அரசின் முன்னாள் கேபினட் செயலாளர் டி.ஆர். பிரசாத் எல்லோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சில கேள்விகள் கேட்கப்பட்டதாகவே கூட்டக் குறிப்பும் சொல்கிறது. கேட்டுவிட்டு ஒருமனதாகக் கைதூக்கினார்கள். மூன்று மாதம் முன்பு, அந்த செப்டம்பரில்தான், கார்ப்பரேட் கவர்னன்ஸில் சிறந்த நிறுவனம் என்று சத்யத்துக்கு கோல்டன் பீக்காக் விருது கிடைத்திருந்தது.

அமெரிக்கச் சந்தையில் சத்யத்தின் பங்கு பாதிக்கு மேல் சரிந்ததும், சில மணி நேரத்திலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, ராஜு கடிதம் எழுதினார். வங்கியிலும் கையிலும் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்தின் இடத்தில் நிஜமான நிலத்தையும் கட்டடத்தையும் கொண்டுவந்து வைக்கத்தான் மேட்டாஸ் பேரம்.

இத்தனை வருடம் கழித்து, இந்தக் கதை நம் ஊர் பி.காம். வகுப்பில் எப்படி நடத்தப்படுகிறது தெரியுமா? முக்கால் பக்கம். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, கற்ற பாடங்கள் ஐந்து. பத்து மார்க்.

கேட்பரி என்றால் சாக்லேட்

பி.காம்., பி.பி.ஏ., சென்னைக் கல்லூரிகளில் மவுசு குறையாத பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்று எந்தப் படிப்பை எடுத்தாலும், ஏதாவது ஒரு செமஸ்டரில் கார்ப்பரேட் கவர்னன்ஸ் எட்டிப் பார்த்துவிடும். தனித் தாளாக வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பிசினஸ் எத்திக்ஸ் தாளிலோ கம்பெனி சட்டத் தாளிலோ கடைசி யூனிட்டாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி யூனிட் என்றால் மாடல் எக்ஸாமுக்கு முந்தைய வாரத்தில் இரண்டு வகுப்புகளில் ஓட்டிவிடுவது என்று அர்த்தம்.

அந்த இரண்டு வகுப்பிலும் வருவது கமிட்டிகளின் ஊர்வலம். 1992 கேட்பரி, 1999 குமார் மங்கலம் பிர்லா, 2002 நரேஷ் சந்திரா, 2003 நாராயண மூர்த்தி, 2017 உதய் கோடக். யார், எந்த வருடம், என்ன பரிந்துரை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிடலாம். கேட்பரி என்றதும் கடைசி பெஞ்சில் சிரிப்பு கேட்கும். சிரிப்பதில் தப்பில்லை. சர் ஏட்ரியன் கேட்பரி அந்த சாக்லேட் கம்பெனியின் தலைவராக இருந்தவர்தான். ஆனால் அந்தக் கமிட்டி வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1991 நவம்பரில், பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் கடலில் விழுந்து இறந்தார் என்பதும், அதன் பிறகுதான் அவருடைய ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது தெரியவந்தது என்பதும் அந்த அட்டவணையில் இருக்காது. பணம் பறிகொடுத்த ஓய்வூதியர் இல்லாமல் கமிட்டியை மட்டும் படிப்பது, நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மனப்பாடம் செய்வதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கார்ப்பரேட் கவர்னன்ஸுக்கு உதாரணம் சொல் என்றால் பாதி வகுப்பு மரம் நட்டதையும் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்ததையும் சொல்லும். அது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு. 2013 கம்பெனி சட்டத்தின் 135ஆவது பிரிவு, லாபத்தில் இரண்டு சதவீதம். மரம் நட்டுக்கொண்டே பங்குதாரரை மொட்டையடிக்கவும் முடியும் என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பாடத்திட்டத்தின் அடிப்படைக் கோளாறு என்று எனக்குப் படுவது வேறு. இந்தப் பாடத்தை இயக்குநர் குழுவின் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுக்காரர் அந்த மாடிக்குப் போக இன்னும் முப்பது வருடம் ஆகும். பெரும்பாலோர் போகவே மாட்டார்கள். அவர்கள் போகப்போவது ஆடிட்டர் ஆபீசுக்கும், திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் டேபிளுக்கும், அப்பாவின் அரிசி ஆலைக்கும்தான். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"நாங்களே வாங்கித் தரோம் தம்பி"

சத்யத்தையே அந்த டேபிளிலிருந்து பார்க்கலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. கம்பெனியின் மற்ற பிரிவுகள் கண்ணில் படாதபடி அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுக்கப்பட்டிருந்தது. இதை எந்த இயக்குநரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை.

பணம் இருந்ததற்கு என்ன ஆதாரம்? வங்கி உறுதிக் கடிதம். கணக்கு தணிக்கைக்கு வரும்போது, இன்ன தேதியில் இந்தக் கம்பெனிக்கு உங்களிடம் எவ்வளவு இருப்பு என்று வங்கிக்கு எழுதிக் கேட்பார்கள். கடிதத்தைத் தணிக்கையாளர்தான் அனுப்ப வேண்டும். பதிலும் அவர் கைக்கே நேரடியாக வர வேண்டும். இதில் வேறு வித்தை எதுவும் இல்லை. சத்யத்தில் அனுப்புவதையும் வாங்குவதையும் கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள் என்றுதான் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் சத்யத்தின் தணிக்கையாளரான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய அமைப்புகளுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

இந்தக் கடித வேலையை ஆடிட்டர் ஆபீசில் யார் செய்வார்கள்? பார்ட்னர் செய்ய மாட்டார். சி.ஏ. பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆன, இருபது வயதுப் பையனோ பெண்ணோதான் செய்வார்கள். கம்பெனிக்குப் போனதும் அங்கே இருபது வருட அனுபவமுள்ள சீனியர் அக்கவுன்டன்ட் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். "டீ சாப்பிடு தம்பி. பேங்க் கன்ஃபர்மேஷன்தானே? அந்த மேனேஜர் நமக்கு வேண்டியவர். நாங்களே வாங்கித் தரோம், நீ ஏன் வெயில்ல அலையறே?"

அந்த நொடிதான் கார்ப்பரேட் கவர்னன்ஸ். பெரியவர் சொல்கிறார், அன்பாகச் சொல்கிறார், மறுத்தால் மரியாதைக் குறைவு. "இல்ல சார், நானே நேர்ல போய் வாங்கிக்கிறேன், எங்க சார் அப்படித்தான் சொல்லியிருக்காரு" என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகியிருக்க வேண்டும். இதை வகுப்பில் இரண்டு மாணவர்களை எழுப்பி நடிக்கவைத்துப் பாருங்கள். அக்கவுன்டன்டாக நடிப்பவர் வெளுத்து வாங்குவார். தணிக்கைக்கு வந்த பிள்ளை மூன்றாவது வாக்கியத்திலேயே "சரி சார்" என்று உட்கார்ந்துவிடும். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால், "பெரியவர் மனசு நோகும்ல சார்" என்று பதில் வரும். இது பயம்கூட இல்லை, வளர்ப்பு. அந்த வளர்ப்போடு மோதாமல், மரியாதை கெடாமல் மறுக்கும் வழியைச் சொல்லித்தருவதைவிட உருப்படியான பாடம் இந்தத் தாளில் இல்லை என்பது என் கட்சி.

மேட்டாஸ் பேரத்தையும் இப்படிக் கரும்பலகையில் இறக்கிவிடலாம். சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்கு எட்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும். மேட்டாஸ் கம்பெனிகளிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சத்யத்திலிருந்து நூறு ரூபாய் வெளியே போனால் அதில் குடும்பத்தின் பணம் எட்டு ரூபாய். போய்ச் சேரும் இடத்தில் குடும்பத்துக்கு முப்பத்துச் சொச்சம். கழித்தல் கணக்கு தெரிந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எந்தக் கமிட்டியின் பெயரும் தெரியாமலேயே மாணவர் சரியான கேள்வியைக் கேட்டுவிடுவார்.

கரூரில் இரண்டு வங்கிகள்

சத்யம் வெடித்தபோது இன்றைய மாணவர்கள் கைக்குழந்தைகள். அவர்களுக்கு அது வரலாறு. தமிழ்நாட்டில் பாடம் நடத்துபவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இதைவிடப் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. அது ஏன் எல்லா வகுப்புகளுக்கும் போகவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து 1926இல் ஆரம்பித்தது லட்சுமி விலாஸ் வங்கி. அதே ஊரில் பத்து வருடம் மூத்தது கரூர் வைஸ்யா வங்கி. கொங்கு, சோழ மண்டலக் குடும்பங்கள் பலவற்றில் இந்த வங்கிகளின் பங்குப் பத்திரம் நகைப் பெட்டியிலேயே இருக்கும். டிவிடெண்டு வந்தால் தீபாவளிச் செலவுக்கு ஆகும் என்று தாத்தா வாங்கிப் போட்டதாக இருக்கும்.

லட்சுமி விலாஸ் 2017-18இல் 585 கோடி, மறு வருடம் 894 கோடி, அதற்கடுத்த வருடம் 836 கோடி என்று தொடர்ந்து நஷ்டம் காட்டியது. 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் கால்வாசி வாராக்கடன். 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருந்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங்கோடு இணையும் திட்டத்துக்கும் அடுத்த மாதம் அனுமதி மறுத்தது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி பெருநிறுவனக் கடனுக்குள் இறங்கியதுதான் சறுக்கல் என்று பலரும் எழுதினார்கள்.

2020 செப்டம்பர் 25 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டம். இந்தியக் கம்பெனி வரலாற்றில் அபூர்வமான காரியத்தை அன்று பங்குதாரர்கள் செய்தார்கள். நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். தணிக்கையாளர் நியமனத்தையும் நிராகரித்தார்கள். பாடப்புத்தகத்தில் 'பங்குதாரர் ஜனநாயகம்' என்று போட்டிருக்குமே, அது கண்ணெதிரே நடந்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 17 அன்று வங்கி முடக்கப்பட்டது. டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். நவம்பர் 27இல் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. இருபது லட்சம் டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது, நாலாயிரம் ஊழியர்களின் வேலையும் தப்பியது. பங்கு மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து துடைக்கப்பட்டது. தாத்தாவின் பத்திரத்துக்கு விலை பூஜ்யம்.

இதை வகுப்பில் வைத்தால் விவாதம் தானாகப் பற்றிக்கொள்கிறது. பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டது சரிதானா? மூன்று வருட நஷ்டத்துக்குப் பிறகு விழித்துக்கொண்டது ஏன்? டெபாசிட்தாரருக்கு முழுப் பணம், பங்குதாரருக்கு ஒன்றுமில்லை என்பது நியாயமா? "ரிஸ்க் எடுத்தவர் இழப்பார்" என்று ஒரு பையன் சட்டம் பேசினான். "ரிஸ்க்னு எங்க தாத்தாகிட்ட யார் சொன்னாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அதற்கு என்னிடம் புத்தகப் பதில்தான் இருந்தது: ஆண்டறிக்கையில் சொல்லியிருந்தார்கள். யாரும் பிரிக்காத ஆண்டறிக்கையில்.

அதனால் அடுத்த வேலை ஆண்டறிக்கையைப் பிரிப்பது. இதற்கு ஒரு வழி உண்டு: பின்னாலிருந்து படிக்க வேண்டும். முதல் ஐம்பது பக்கத்தில் வழவழ தாளில் சூரிய உதயமும் சேர்மன் சிரிப்பும் இருக்கும். அதைத் தள்ளிவிட்டு நேரே தணிக்கையாளர் அறிக்கை, பிறகு குறிப்புகள். குறிப்புகளில் தொடர்புடைய தரப்பினரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் எங்கே இருக்கிறது, வழக்கில் இருக்கும் தொகை எவ்வளவு, இயக்குநர் யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், தணிக்கையாளர் நடுவில் விலகினாரா என்று தேட வேண்டும். கரூரின் இரண்டு வங்கிகளின் பத்து வருட அறிக்கைகளை இரண்டு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு செமஸ்டருக்குத் தீனி. ஒரே ஊர், ஒரே ஜவுளி, ஒரே பஸ் பாடித் தொழில். ஒன்று நிற்கிறது, ஒன்று இல்லை.

அறிக்கையில் கண்ட கேள்வியை நேரிலும் கேட்கலாம். பதினெட்டு வயது ஆனவர் டீமேட் கணக்கு தொடங்கி ஒரே ஒரு பங்கு வாங்கினால் போதும், பொதுக்கூட்டத்தில் உட்கார உரிமை வந்துவிடும். 2020க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பல கூட்டத்தைக் காணொளியிலேயே நடத்துகின்றன. பேச விரும்புபவர் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் கேள்வி கேட்கலாம். சென்னையின் பழைய ஏ.ஜி.எம். கலாசாரம் தெரிந்தவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். மியூசிக் அகாடமியிலும் நாரத கான சபாவிலும் கூட்டம்; டிசம்பரில் கச்சேரி கேட்கும் அதே நாற்காலி; ஸ்வீட், காரம், காபி; டிபன் பாக்ஸுக்காக மட்டும் பத்துக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த மாமாக்கள். 2015இல் வந்த செயலகத் தரநிலை பொதுக்கூட்டத்தில் பரிசு தரக் கூடாது என்று தடுத்தபோது அவர்கள் அடைந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கூட்டத்திலும் ஓரிருவர் பேலன்ஸ் ஷீட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டு வந்து சேர்மனை நெளியவைப்பார்கள். பாடம் எடுக்க அழைக்க வேண்டியவர்கள் அவர்கள்.

சொந்தக்காரர் யார்?

தமிழ்நாட்டுத் தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழில். ஆகவே இங்கே கார்ப்பரேட் கவர்னன்ஸின் நடுநாயகமான கேள்வி, கம்பெனிப் பணம் சொந்தக்காரருக்குப் போகிறதா என்பதுதான். சட்டம் 'உறவினர்' என்று யாரைச் சொல்கிறது? கணவன், மனைவி, இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர். 2014 விதிகளின்படி அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி. இந்தப் பட்டியலைப் போர்டில் எழுதினால் வகுப்பிலிருந்து வரும் முதல் குரல்: "சார், மாமா இல்லையா?" இல்லை. மச்சான் இல்லை. மாமனார் இல்லை. சித்தப்பா இல்லை. அத்தை மகன் இல்லை. நம் ஊரில் பினாமியாக நிற்க வாய்ப்புள்ள அத்தனை பேரும் பட்டியலுக்கு வெளியே. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கு செபியின் வலை இன்னும் அகலமானது. ஆனால் நம் மாணவர்கள் போகும் பிரைவேட் லிமிடெட்களுக்கு அது பொருந்தாது. அங்கே 2015 விலக்குப்படி, பயனடையும் சொந்தக்காரரே அந்தக் கொடுக்கல் வாங்கலை அனுமதிக்கும் தீர்மானத்துக்கு ஓட்டும் போடலாம்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்த விஷயத்தில் நம் சட்டத்தைவிடக் கறார். ஊர்ச் சபையின் வாரியத்தில் உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவருடைய சொந்தக்காரர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள். யார் யார்? தாயின் சகோதரிகளுடைய பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், தகப்பனின் சகோதரன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அவள் பிள்ளைகள், மருமகன் என்று போகிறது அந்தப் பட்டியல். குடவோலையை ஜனநாயகப் பெருமைக்காக மேடையில் முழங்குகிறோம். அதில் கணக்குக் காட்டாதவரின் மச்சானைக்கூட விடவில்லை என்ற பகுதிதான் காமர்ஸ் வகுப்புக்குத் தேவை. ஆயிரத்து நூறு வருடம் முன்பு அந்த ஊர்ச் சபைக்கு யார் மூலம் காசு நழுவும் என்று தெரிந்திருக்கிறது.

குடும்பக் கம்பெனி என்றதும் மாணவிகள் எழுப்பும் கேள்வி வேறு: மகளுக்கு அங்கே இடம் உண்டா? முருகப்பா குழுமத்தின் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள். குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தும், மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் பதவி கேட்டபோது 2020 பொதுக்கூட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் எதிராக ஓட்டு விழுந்தது. 2023இல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது ஆசிரியரின் வேலையில்லை. பங்கு இருந்தால் நாற்காலியும் உண்டா, பெரும்பான்மை எதுவரை போகலாம் என்று வாதாட வைத்தால் போதும். தன் வீட்டு மில்லில் தன் பெயரில் பங்கு இருக்கிறதா என்றே தெரியாத பெண்கள், அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்கிறார்கள்.

கேட்கக் கூடாத கேள்வி

இப்படி நடத்தினால் ஒரு சிக்கல் வரும். அது எப்போது வரும் என்றுதான் தெரியாது. கேட்கப் பழகிய மாணவர் ஒருநாள் எழுந்து, "சார், நம்ம காலேஜ் டிரஸ்ட்ல யார் யார் இருக்காங்க? கட்டடம் கட்டுற கான்ட்ராக்ட் யாருக்கு?" என்று கேட்பார். தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பலவும் குடும்ப அறக்கட்டளைகளின் கையில்தான் இருக்கின்றன. தலைவர் அப்பா, செயலாளர் மகன், தாளாளர் மருமகள். அதில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் தொடர்புடைய தரப்பு என்ற பாடத்தை அங்கே சம்பளம் வாங்கும் ஆசிரியர் எந்த அளவுக்கு மனம்விட்டு நடத்த முடியும்? பக்கத்து மாவட்ட வங்கியைப் பற்றி வகுப்பில் சுதந்திரமாகப் பேசலாம். மாடியில் இருக்கும் அறையைப் பற்றிப் பேசினால் அடுத்த வருடம் பணி நீட்டிப்பு வராது. என்னிடம் இந்தக் கேள்வி வந்தபோது சட்டத்தை மட்டும் சொன்னேன்.

ஒரு கம்பெனி என்றால், அது எவ்வளவு சிறியதானாலும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் அதன் இயக்குநர் யார், பேலன்ஸ் ஷீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளையும் தணிக்கை அறிக்கை கொடுத்தாக வேண்டும். நிறுவனருக்கும் அறங்காவலருக்கும் அவர்களுடைய உறவினருக்கும் பணமோ பலனோ போயிருந்தால் அதையும் அதில் காட்ட வேண்டும். அந்த அறிக்கை வருமான வரித்துறைக்குப் போகிறது. கம்பெனிக் கணக்கைப் போல 100 ரூபாய் கட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை. பீஸ் கட்டிய மாணவருக்கும் இல்லை.